கணினியால் கிராமத்தை முன்னேற்றுவது எப்படி?

முதலில் புதுச்சேரிக்கு வாருங்கள். ஒயிட் டவுனில், மஞ்சள் சுவருக்குள் ஏசி போட்ட அறை ஒன்றைப் பிடியுங்கள். கடைக்கோடி மனிதனைப் பற்றி மூன்று நாள் கருத்தரங்கு நடத்த வாகான இடம். அவனை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். வந்தால் ஏதாவது கேட்டுவைப்பான்.

அடுத்து, கருவிகளை வாங்கிவிடுங்கள். எதற்கு என்பதை அப்புறம் யோசிக்கலாம். இந்த வரிசையைக் கெடுத்தவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். 1998-இல் கனடா நிதியுதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கணினியை இறக்குவதற்கு முன்பே ஊர் ஊராகப் போய், “உங்களுக்கு என்ன தெரியவேண்டும்?” என்று கேட்டார்கள். இடத்தையும் ஆளையும் ஊர்தான் தரவேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று நிபந்தனை வேறு. ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் அமைந்தது. பெண்கள் கணினியை இயக்கினார்கள். கரண்ட் போனால் சூரியத் தகடு, போன் லைன் சரியில்லாத ஊருக்கு வயர்லெஸ். இத்தனையிலும் ரிப்பன் வெட்ட எங்கே நேரம்?

முக்கியமான எச்சரிக்கை: ஒலிபெருக்கியைக் கிட்டே சேர்க்காதீர்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: நாளைக்குக் கடல் எப்படி? அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. அதை எடுத்து, தமிழில் சொல்லிப் பதிவுசெய்து, கரையில் ஸ்பீக்கர் கட்டி ஒலிபரப்பினார்கள். வலையைச் சரிபார்த்தபடியே கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியவேண்டாம், திரை முன்னால் வரிசையில் நிற்கவேண்டாம். அப்படியானால் ‘பயனாளர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் நீங்கள் எதை நிரப்புவீர்கள்? தவிர, காதுகுத்துக்கும் கூழ் ஊற்றுவதற்கும் கட்டுகிற சாமானுக்கு எந்தச் சர்வதேச நிதியம் பணம் தரும்? செயலி என்று எழுதுங்கள். இப்போதைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று எழுதினால் இன்னும் விசேஷம்.

இதே திட்டத்தின் மையம் இருந்த நல்லவாட்டைப் பற்றி யாராவது எழுந்து கேட்டால் தேநீர் இடைவேளை விடுங்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடி, பூட்டியிருந்த கதவை உடைத்து, மைக்கைப் பிடித்து, எல்லாரும் ஓடுங்கள் என்று கத்தினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் பிழைத்தது.

உடைந்த கதவைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டுவது என்று தணிக்கையாளர் கேட்பார். ‘இதர செலவு’ என்று போடுங்கள். பிழைத்தவர்களை ‘எதிர்பாராத பயன்’ என்று எழுதுங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் ‘எதிர்பாராத’ என்பதை மட்டும் எடுத்துவிடலாம்.