எழுபது வளைவுக்கு மேலே

கேள்வி: கொல்லிமலை அரசுப் பள்ளிகளை மலைவாழ் மக்களிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன?

பதில்: மொத்தமாக ஒப்படைத்தால் வாத்தியார் சம்பளத்தை மிளகாகவா அளப்பது? பணமும் நிரந்தர நியமனமும் அரசிடமே இருக்கட்டும்; பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியை அரசு கைவிட்டால், கட்டணம் கட்டிப் படிக்கவைக்க அங்கே பல வீடுகளால் முடியாது. ஆனால் அன்றாட நிர்வாகம்? 1976-இல் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோன டில்லியைச் சென்னை இன்றும் திட்டுகிறது, நியாயம்தான். அந்த நியாயத்துக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது. ஆடி மாத வல்வில் ஓரி விழாவுக்குப் பள்ளியை மூடவும் நாமக்கல் ஆட்சியர் உத்தரவு போட வேண்டும். பிறகு ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்துக் கடனைத் தீர்க்க வேண்டும்.

'ஊர்க்காரர்களிடம் கொடுத்தால் சாதியும் கட்சியும் புகுந்துவிடும்' என்பார்கள். இப்போது மட்டும் அவை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கின்றனவாக்கும்! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வளர்ச்சித் திட்டம் தீட்டுவதோடு அவர்கள் அதிகாரம் ஏறக்குறைய முடிந்தது. 'அனுபவமில்லாதவர்கள்' என்ற சாக்கும் எடுபடாது. 2022-இல் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசே நம்பியது இந்தக் குழுக்களைத்தான். அன்று மாதம் 7,500 ரூபாய்க்கு இடைநிலை ஆசிரியர் தேடத் தகுதி பெற்றிருந்தவர்களுக்கு, அறுவடைக்கேற்ப விடுமுறையை மாற்றத் தகுதியில்லையாம்.