பானை ஓட்டில் ஓட்டு

கேள்வி: பண்டைய ஏதென்ஸில் 'ஆஸ்ட்ரசிசம்' என்று ஒன்று இருந்ததாமே, அது தேர்தலா?

பதில்: தேர்தல் மாதிரிதான். ஆனால் ஜெயித்தவர் மூட்டை கட்ட வேண்டும்! ஊருக்கு ஆபத்து என்று தோன்றும் தலைவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் விழுந்தால்தான் செல்லும். அதிகம் வாங்கியவர் 10 நாளில் கிளம்பி, 10 ஆண்டு வெளியே இருக்க வேண்டும். சொத்து மட்டும் பறிபோகாது. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அத்தனையிலும் தெமிஸ்டோக்ளிஸ் பெயர். எழுதிய கைகளோ ஏறக்குறைய 14தான்! விநியோகிக்க முன்கூட்டியே எழுதி வைத்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்து ஏதென்ஸைக் காப்பாற்றிய அந்த மாவீரரை ஊர் துரத்தியது. கடைசியில் அடைக்கலம் கொடுத்தவர் பாரசீக மன்னர்!