மீசைக்கு ஒரு பெஞ்சு, கொடிக்கு ஒரு பெஞ்சு

திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவர்களின் பட்டா விவகாரம் தீர்கிறதோ இல்லையோ, டீக்கடையில் காசா விவகாரம் தீர்ந்துவிடும். “அந்த ஆளு அன்னிக்கே மொத்தமா முடிச்சிருந்தா இந்தக் கொடுமை இருக்குமாண்ணே?” கையிலிருக்கும் செல்போனில், இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்குகிறார்கள். அதைப் பார்த்த துக்கத்தில்தான் தம்பி ஹிட்லருக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார். அந்த ஆள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். என்னே பிள்ளைப் பாசம்!

தம்பியை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஹிட்லரின் ‘எனது போராட்டம்’ நம் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கொலைகாரனிடம் தலைமைப் பண்பு கற்கும் நாடு!

இஸ்ரேல் அரசைத் திட்ட வேண்டுமா? தாராளமாகத் திட்டுங்கள். பல்லாயிரம் பேரைக் கொன்று, ஊர்களைத் தரைமட்டமாக்கி, பட்டினி போட்ட அரசு அது. யூதருக்குத் தனி நாடு கேட்ட சியோனிசம் என்கிற அரசியலே தப்பு என்றும் சொல்லுங்கள். 1938இல் காந்தி, பாலஸ்தீனம் அரபு மக்களுக்கே உரியது என்று ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அதே கட்டுரையில் ஜெர்மனி யூதர்களுக்காகவும் மனம் கசிந்தார். (ஹிட்லருக்கு எதிராகச் சத்தியாகிரகம் செய்யச் சொன்னது தனிக் கூத்து.) இரண்டையும் ஒரே பேனாவால் எழுத முடிந்திருக்கிறது.

அரசு வேறு, ஆள் வேறு என்று பார்க்காதவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்? 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில், யூத மையமான நாரிமன் இல்லத்தில் செத்தவர்களில் ஒருவர், சியோனிசத்தையே ஏற்காத யூதப் பிரிவைச் சேர்ந்தவர். சவப்பெட்டிமேல் இஸ்ரேல் கொடியைப் போர்த்தவே கூடாது என்றது அவர் குடும்பம். சுட்டவன் கொள்கை விளக்கமா கேட்டான்?

செங்கம் சாலை ரமணாசிரமத்துக்கு வந்து பகவானே கதி என்று கிடந்த வார்சா யூதர் மாரிஸ் ஃபிரீட்மனும், ஈராக் யூதர் எஸ்.எஸ். கோஹனும் அந்த ‘மொத்தமா’வுக்குள் அடக்கம்தானே தம்பி? சீசனில் இஸ்ரேல் பையனிடம் இரட்டை வாடகை கறக்கும்போது மட்டும் வரலாறு மறந்துவிடும்.

எதிர் பெஞ்சுக்காரர் இன்னும் விசேஷம். வாட்ஸ்அப் முகப்பில் இஸ்ரேல் கொடி. “குண்டு போடாதே” என்று யாராவது முனகினால் “யூத வெறுப்பு!” என்று பாய்கிறார். எப்போதிருந்து இந்தக் கரிசனம்? யூதர்களை ஜெர்மனி துடைத்தெறிந்ததை இனப் பெருமையின் உச்சம் என்று 1939இல் எழுதியவர் இவர் கும்பிடும் ஆர்.எஸ்.எஸ். குருஜி கோல்வல்கர். யூதர்மேல் நம் பெஞ்சுக்காரருக்கு ஒரு பாசமும் கிடையாது. அடி வாங்குகிறவன் முஸ்லிம், அந்தக் குஷி.

2023 அக்டோபரில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போரை நிறுத்தச் சொல்லி உட்கார்ந்து, நூற்றுக்கணக்கில் கைதானார்களே யூதர்கள்? அவர்களையும் யூத வெறுப்பாளர் பட்டியலில் சேர்ப்பீர்களா ஐயா? சேர்ப்பார். அந்தப் பட்டியலில் பெயர் ஏற்ற ஆதார் அட்டையா கேட்கிறார்கள்?