ஸ்லோ குக்கரும் ஐந்திணையும்: புதுச்சேரியில் ஆப்பிள் மசாலாப் பானம் காய்ச்சுவது குறித்த ஆராய்ச்சி

பாயிரம்

ஆப்பிளைப் பட்டை, கிராம்பு முதலிய வாசனைச் சரக்குகளோடு சேர்த்துப் பல மணி நேரம் இளஞ்சூட்டில் வேகவைத்து, வடித்து, சூடாகப் பருகுவது வட அமெரிக்க வீடுகளில் இலையுதிர் காலத்துக்கு உரிய வழக்கமாகும். அந்நாட்டார் சைடர் எனக் கூறுவது நொதிக்காத, கலங்கிய ஆப்பிள் சாற்றை. பிரான்சின் நார்மண்டி, பிரித்தானி வட்டாரங்களில் சீத்ர் எனப்படுவதோ நொதித்து நுரைக்கும் மதுவகை. 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இரண்டாவதே எதிர்பார்க்கத் தக்கது எனினும், அது கலால் துறையின் ஆளுகைக்குள் வருவதால், குழந்தைகளும் பருகத்தக்க முதலாவதை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஆப்பிள் விளையாததும், இலையுதிர் காலம் என ஒன்று வாராததும், குளிர்காயும் தேவை எவருக்கும் நேராததுமான ஊரில் இப்பானத்தைக் காய்ச்சுவது முறையாகுமா என்பதே ஆய்வுப் பொருள். இது அற்பமன்றோ எனின், அன்று. மகரந்தத் தூளையும் ஓலைச்சுவடியையும் ஒரே நிறுவனத்தில் வைத்து ஆராயும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்கிவரும் ஊரில், நுண்மை பற்றி எப்பொருளும் ஆராய்ச்சியினின்று விலக்கப்படுவதில்லை. ஆய்வு முறையைப் பொறுத்தவரை, அகப்பாடலை ஆராயத் தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் வகுத்த முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றுமே பானத்துக்கும் பொருந்தும் எனக் கொள்ளப்பட்டது.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். புதுச்சேரி கடலும் கடல் சார்ந்த இடமும் ஆதலின் நெய்தல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் பிற்பகல். அப்பொழுதில் இவ்வூர் நாடுவது இளநீரையும் பன்னீர் சோடாவையுமே அன்றிக் கொதிக்கும் ஆப்பிளை அன்று.

ஆயினும் பெரும்பொழுதை நோக்கினால் வழி திறக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிர் என்பது இங்கே ஏட்டளவில் நிற்பதன்று. வடகிழக்குப் பருவமழை ஊரை நனைக்கும் காலமும் அதுவே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஊரே வெள்ளக்காடானதை எவரும் மறந்திலர். முன்பனிக்கும் சான்று உண்டு. மார்கழி விடியலில் வெப்பமானி 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றாலும், அதனையே கடுங்குளிர் எனக் கொண்டு குரங்குக் குல்லா அணிந்து கடற்கரைச் சாலையில் நடப்போர் இருக்கும்வரை, குளிர் என்பது வெப்பமானியால் அன்றிக் குல்லாவால் அளக்கப்பட வேண்டியது என்றே துணியப்படும்.

கூதிரும் முன்பனியும் தொல்காப்பியத்தில் குறிஞ்சிக்கு உரியவை; அதன் சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டு நிலையில் இப்பானம் சமைய ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். தொலைக்காட்சித் தொடர்கள் முடிந்தபின் பத்து மணிக்கு விசையைத் திருப்பினால், விடியற்காலை ஆறு மணிக்குப் பானம் தயார். இடையில் கழிவது முழு யாமம். ஆகவே பொழுது வகையால் இப்பானம் குறிஞ்சித் திணையைச் சார்ந்தது என்பது பெறப்படுகிறது.

கருப்பொருள்

கருப்பொருளாவன அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன. இவற்றுள் முதலில் ஆராயத் தக்கது பழம். ஆப்பிள் மலைநிலத்து மரம். இமாசலப் பிரதேசத்தின் கோட்கட் பகுதியில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் தம் நாட்டுக் கன்றுகளை நட்டதிலிருந்து அம்மலைச் சரிவுகளின் பொருளாதாரமே அதனைச் சார்ந்தது. ஆடி மாதம் தொடங்கி இமாசலப் பழமும், அதன்பின் காஷ்மீரப் பழமும் லாரியில் இறங்கி, நேரு வீதியை அடுத்த குபேர் அங்காடியின் பழக்கடைகளில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பழம் தலைக்கு ஒரு ஒட்டுச்சீட்டும் உடலுக்கு ஒரு வலையுறையும் அணிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வெண்மெழுகு நகக்கண்ணில் ஏறும். இம்மெழுகை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவாது கலத்தில் இட்டால் பானத்தின் மேல் மெல்லிய படலம் மிதக்கும் ஆதலின், மெழுகில்லா நாட்டுப் பழமே இவ்வாய்வில் உயர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பளபளப்பான பழத்துக்கே விலை கூடுதல் என்பதால் இம்முடிவு சிக்கனத்துக்கும் உகந்தது.

அடுத்தது சரக்கு. மளிகைக் கடையில் பட்டை என்று பொதுவாகக் கிடைப்பது தடித்த, ஒற்றைச் சுருளான காசியாப் பட்டை. இலங்கையில் விளையும் உண்மையான இலவங்கப்பட்டை காகிதத்தைப் பல அடுக்காகச் சுருட்டியது போல மெல்லியது, விரலால் நொறுங்குவது. நீண்ட கொதிப்பில் காசியாவின் காரம் மேலெழுந்து நிற்பதால் அதில் பாதியளவே போதும். கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றின் வரலாறு இவ்வூருக்கு அயலன்று. டச்சுக்காரர்கள் மொலுக்காத் தீவுகளில் பூட்டிவைத்திருந்த இவ்விரண்டின் கன்றுகளையும் 1770இல் மொரீஷியசுக்குக் கடத்திவரச் செய்த பியர் புவாவ்ர், அதற்கு முன்னர் கப்பற்போரில் ஒரு கையை இழந்து, புதுச்சேரியிலும் வந்து தங்கியவர். ஓர் அரும்பு கிராம்புக்காக ஒரு நாட்டின் கப்பற்படை வேவு பார்த்த காலம் அது. இன்று அதே கிராம்பைப் பத்து ரூபாய்ப் பொட்டலத்திலிருந்து கணக்கின்றிக் கொட்டுவோர் பானத்தைக் குடிக்கையில் நாக்கு மரத்துப்போவது வரலாற்றின் பழிவாங்கல் அன்று, கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெயின் வேலை. பல் மருத்துவர் கிராம்பெண்ணெயைப் பயன்படுத்துவதும் இதனாலேயே.

மூன்றாவது கலம். ஸ்லோ குக்கர் என்பது பீங்கான் சாடி ஒன்றும், அதனைச் சூழ்ந்து மெல்லச் சூடேறும் மின்கம்பிச் சுற்றும், கண்ணாடி மூடியும் கொண்ட கருவி. லித்துவேனியாவின் யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டலாகாது என்னும் நெறியால், வெள்ளிக்கிழமை மாலையில் ரொட்டிக்கடை அடுப்பின் எஞ்சிய சூட்டில் கூட்டு ஒன்றை இரவெல்லாம் வைத்தெடுப்பர். அச்செய்தியைத் தம் குடும்பத்து மூதாட்டி வாயிலாகக் கேட்ட இர்விங் நாக்சன் என்பார் இக்கருவியை அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் ரைவல் நிறுவனம் கிராக்பாட் என்னும் பெயரில் இதனைப் பரப்பிற்று. உமியடுப்பில் நீறு பூத்த தணலின் மேல் மண்சட்டியை இரவு முழுவதும் விட்டுவைத்த தமிழ் வீடுகளுக்கு இதில் கற்பதற்கு விசை ஒன்றே புதிது. ஆப்பிளில் மாலிக் அமிலம் உண்டு ஆதலின் அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் விலக்கு. பீங்கானும் எவர்சில்வரும் ஏற்பு.

கலம் வந்த வழியும் கருதத் தக்கது. பிரான்சில் வாழும் உறவினர் பெட்டியில் வருவது 230 வோல்ட் கலம். செருகியை மட்டும் மாற்றினால் இங்கே இயங்கும். அமெரிக்க உறவினர் கொணர்வது 120 வோல்ட் கலம்; மின்மாற்றியின்றி நேரே செருகினால் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆற்றலை இழுத்து, எட்டு மணி நேர வேலையைச் சில நொடிகளில் முடித்துக்கொண்டு தானும் முடிந்துபோகும். பிரெஞ்சு ஆட்சியின் நீங்காப் பயன்களைத் தொகுப்போர் இவ்வோல்ட் ஒற்றுமையை ஏனோ குறிப்பதில்லை.

கலமே இல்லாதோர் சோறு வடிக்கும் மின்குக்கரை நாடுவர். அதன் அடியிலுள்ள காந்தம் 103 டிகிரி அளவில் காந்தத்தன்மை இழந்து விசையை விடுவிக்கும். நீர் உள்ளவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எனவே பானம் முழுதும் வற்றி ஆப்பிள் அடிப்பிடிக்கும் வரை அக்கருவி தன் கடமையைக் கைவிடாது. ஒருமுறை கொதித்ததும் கைப்பட விசையை மேலே தூக்கிச் சூடுகாக்கும் நிலைக்குக் கொணர்ந்து, மணிக்கு ஒருமுறை மீண்டும் கொதிக்கவிடுவதே பரிகாரம்.

எஞ்சிய கருப்பொருள்களைச் சுருங்கக் கூறினால் விலங்கு எறும்பு. பறவை சமையலறைச் சன்னலில் அமரும் காகம். தொழில் தோல் சீவாது விதை நீக்குதல். பறை மட்டும் இல்லை. பிரஷர் குக்கருக்கு விசில் உண்டு, ஸ்லோ குக்கருக்கு ஓசையே இல்லை என்பது பின்னர் நிகழும் குற்றத்துக்கு வாய்ப்பாக அமைவதை இறுதி இயலில் காணலாம்.

உரிப்பொருள்

உரிப்பொருள் ஐந்து. குறிஞ்சிக்குரிய புணர்தல், பழமும் சரக்கும் கலத்துள் கூடுவது. விதையும் நடுத்தண்டும் நீக்கி நான்காக நறுக்கிய ஆப்பிள் ஒரு கிலோ, நீர் இரண்டு லிட்டர், விரல் நீளக் காசியாப் பட்டை ஒன்று, கிராம்பு ஆறு, அன்னாசிப்பூ ஒன்று, தட்டிய சுக்கு ஒரு துண்டு, கமலா ஆரஞ்சின் தோல் சிறிது என்பது அளவு. சரக்கைப் பொடித்து இடுதல் ஆகாது. பொடி வடிகட்டியைக் கடந்து டம்ளரின் அடியில் சேறாகப் படியும்.

மருதத்துக்குரிய ஊடல், இனிப்புப் பற்றியது. வெல்லம் வேண்டும் என ஒருவரும், சர்க்கரையே நிறம் கெடாது என ஒருவரும், கருப்பட்டிதான் உடம்புக்கு நல்லது என வீட்டின் மூத்தவரும் கூறுவர். கருப்பட்டி தன் மணத்தால் ஆப்பிளை முற்றும் மறைத்துவிடும். அவ்வாறு மறைந்தபின் எஞ்சுவது சுக்குக் காப்பியே ஆதலின், அதற்கு ஒரு கிலோ ஆப்பிள் செலவிட்டது எதற்கு என்னும் அடுத்த ஊடல் தோன்றும். ஐம்பது கிராம் வெல்லம் என்பது சமாதானம்.

முல்லைக்குரிய இருத்தல், பானத்தின் உயிர்நாடி. இருத்தலாவது பிரிந்தார் வரும்வரை ஆற்றியிருத்தல். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் வெளியேறும் சூட்டை மீட்கக் கலத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் வேண்டும். திறப்போர் மூவகையர். மணம் வருகிறதா என்று திறப்போர், மணம் வருகிறது என்பதற்காகத் திறப்போர், பிறர் திறந்தார்களா என்று அறியத் திறப்போர். கண்ணாடி மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கூடும் ஆவித்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்புக்கு வழிந்து மீண்டும் பானத்தில் விழுவதை வெளியிலிருந்தே காணலாம். கண்ணாடி அமைக்கப்பட்டதன் நோக்கமே அது என்றாலும், அந்நோக்கம் மூன்றாம் வகையினரிடம் ஒருபோதும் நிறைவேறியதில்லை.

பாலைக்குரிய பிரிதல், வடித்தல். வெந்து குழைந்த பழத்தை மத்தால் கடைந்து, மெல்லிய வேட்டித் துணியில் ஊற்றித் தானே சொட்டவிட வேண்டும். ஆப்பிளில் பெக்டின் என்னும் கூழ்ப்பொருள் மிகுதி ஆதலின் பானம் கலங்கியே இருக்கும். கலங்கல் குற்றமன்று, இலக்கணம். நெய்தலுக்குரிய இரங்கல், மின்வெட்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலின் பின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் இருந்த ஊர் இது. கலம் நடுவழியில் குளிர்ந்து பல மணி நேரம் கிடந்தால் பானம் நொதிக்கத் தொடங்கும். அப்பொழுது அது நார்மண்டிப் பிரிவுக்கு மாறி, பாயிரத்தில் விலக்கப்பட்ட கலால் எல்லைக்குள் நுழைந்துவிடும்.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். திணைகள் தம்முள் மயங்கலாம், நிலமும் நிலமும் மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பியர் கருத்தாயிற்றே, மலைநிலத்துப் பானத்தை நெய்தல் நிலத்தில் எங்ஙனம் காய்ச்சுவது எனின், கூறுதும். எந்நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராதவிடத்து, வந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும் என்பதும் அவர் கருத்தே. பூவுக்கும் பறவைக்கும் இசைந்த விதி பழத்துக்கும் சரக்குக்கும் இசையும். குபேர் அங்காடியில் இறங்கிய கணமே ஆப்பிள் இமயத்தை உதறிவிட்டுப் புதுச்சேரிப் பழமாகிறது. விலை கேட்போர் அதனை ஐயமின்றி உணர்வர். ஆகவே இப்பானம் இவ்வூரில் காய்ச்சத் தக்கதே என்பது முடிபு.

புறன்

அகத்திணை ஒவ்வொன்றுக்கும் புறத்திணை ஒன்று உண்டு. குறிஞ்சிக்குப் புறன் வெட்சி. வெட்சியாவது பகைவர் ஆநிரையை இரவில் ஓசையின்றிச் சென்று கவர்தல். இப்பானம் குறிஞ்சி என்பது மெய்யாயின் அதற்கு வெட்சியும் உண்டாதல் வேண்டும்; உண்டு. இரவு பத்து மணிக்குச் சாடியின் விளிம்புக்கு இரு விரற்கடை கீழே நின்ற பானம், காலை ஆறு மணிக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. ஆவியாகிப் போயிருக்கும் எனச் சிலர் கூறுவது பொருந்தாது. ஆவி மூடியில் குளிர்ந்து மீண்டும் கலத்துக்கே திரும்புவது முன்னரே காட்டப்பட்டது. இக்கலத்துக்குப் பறை இல்லை என்பதையும், கவர்தல் யாமத்துக்குரிய தொழில் என்பதையும், கழுவுதொட்டியில் கிடக்கும் டம்ளரின் அடியில் ஒரு கிராம்பு ஒட்டியிருப்பதையும் சேர்த்து நோக்கினால் ஐயம் எஞ்சாது. கவர்ந்த நிரையை மீட்கும் கரந்தை இங்கே இயலாத செயல் ஆதலின், யார் கவர்ந்தார் என அறிவதே செய்யக் கூடியது. அவ்விசாரணை, முதல் நாள் இரவு "எனக்கு இந்த இனிப்பெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னதாகப் படுக்கச் சென்றவரிடமிருந்து தொடங்கப்பட வேண்டும்.