உத்தரவாதம் செல்லாத மாவட்டம்

அனுப்புநர்: பச்சைத் தண்ணீரில் குளிக்கும் வாடிக்கையாளர், நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: தலைவர் அவர்கள், வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு, கீசர் கம்பெனி. (எந்தக் கம்பெனி என்பது தங்களுக்கே தெரியும்.)

பொருள்: 15 லிட்டர் கீசர் – வெந்நீர் வராமை – தங்கள் மகிழ்ச்சி – தொடர்பாக.

பார்வை: 1. "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்ற தங்கள் குறுஞ்செய்தி. 2. அது வந்து சேர்ந்தபோது என் தலையில் ஊற்றியிருந்த இரண்டாவது சொம்பு.

ஐயா,

மார்கழி பிறந்து பத்து நாளாகிறது. வத்தல்மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும் விடியற்காலையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு சொம்பு பார்சலில் அனுப்பலாம் என்று பார்த்தேன். தங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சூடாகிவிடும்; என் புகார் தீர்ந்ததாகக் கணக்கு எழுதிவிடுவீர்கள்.

கீசர் ஒரேயடியாக நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவம், அது பலமுறை சொல்லிப் பார்த்தது. வாங்கிய எட்டாம் மாதம் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டது. தங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் சார்" என்றார்கள். செய்தேன். சத்தம் ஒருமுறை நின்று, மறுபடி கேட்டது. பத்தாம் மாதம் வெந்நீர் வெதுவெதுப்பாக மாறியது. மறுபடி போன், மறுபடி ஆஃப், மறுபடி ஆன். பதிமூன்றாம் மாதம் சுவிட்சைப் போட்டதும் வீட்டு மின்சாரம் மொத்தமும் ட்ரிப் ஆனது. அப்போதும் அதே வைத்தியம்தான் சொன்னார்கள். கீசரில் மின்கசிவு இருக்கும்போது திரும்பத் திரும்ப ஆன் செய்யச் சொல்வது வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி என்பதைத் தங்கள் பயிற்சிப் பிரிவுக்குத் தெரிவித்தால் நல்லது.

பதினான்காம் மாதம் தங்கள் சர்வீஸ் தம்பி நேரில் வந்தார். பையிலிருந்து செல்போனை எடுத்தார், ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. கீசரை முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், குழாயோடு சேர்த்து ஒரு படம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு, "ஹார்ட் வாட்டர் சார், வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டு, என் செல்போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஓடிபி கொடுத்ததால் புகார் தீர்ந்துவிட்டதாம். குறுஞ்செய்தி வந்தது அப்படித்தான்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மெயினை அணைத்தார், தண்ணீரை வடித்தார், அடி மூடியைக் கழற்றினார். ஒரு கை அளவுக்கு வெள்ளைக் கல் துண்டுகள் தரையில் கொட்டின. சூடேற்றும் காயில் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வாட்ஸ் காயில்ணா. இருபத்தாறு ஓம்ஸ் பக்கம் காட்டணும். ஒண்ணுமே காட்டல. வெடிச்சிருச்சு."

"ஏன் வெடிச்சுது?"

"உப்புத் தண்ணிண்ணா. இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் இதே கதைதான்."

அவர் ஒரு நிமிடத்தில் சொன்னதைத் தங்கள் பொறியாளர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பூமிக்கடியில் இருப்பது பாறை. மழைத் தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில் வருடக்கணக்கில் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. சூடாக்கினால் அதிலுள்ள பைகார்பனேட் பிரிந்து, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகம் படியும். அதாவது காயிலின் மேல். சுண்ணாம்புக் கவசம் தடிக்கத் தடிக்க, உள்ளே பிறக்கும் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் தன்னையே சுட்டுக்கொள்கிறது. கடைசியில் உறை பிளந்து, மின்சாரம் தண்ணீருக்குள் இறங்குகிறது. துருவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்ற ஒரு மெக்னீசியக் கம்பி உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதைத் தேடினோம். கம்பியாக எதுவும் மிச்சமில்லை. தன் கடமையை முடித்துக்கொண்டு கரைந்து போயிருந்தது. தங்கள் நிறுவனத்தில் அந்தக் கம்பி ஒன்றுதான் கடைசிவரை வேலை பார்த்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் உத்தரவாத அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். காயிலுக்கு இரண்டு வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் அது செல்லாது என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. என் போர்த் தண்ணீரைச் சோதித்ததில் 580 வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500), வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் கடினத்தன்மை 600 வரை இருக்கலாம் என்கிறது. கடினத்தன்மையை மட்டும் பார்த்தால், மனிதன் குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரில் தங்கள் கீசர் குளிக்கக்கூடாதாம். என் குடலைவிடத் தங்கள் காயில் மென்மையானது. அதை வாங்கும் முன்பே சொல்லியிருந்தால் பஞ்சில் வைத்துப் பாதுகாத்திருப்பேன்.

"எங்களுக்குத் தருமபுரித் தண்ணீர் பற்றித் தெரியாது" என்று தாங்கள் சொல்லலாம். ஒகேனக்கலிலிருந்து எங்களுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறதே, அந்தத் திட்டத்தின் முழுப்பெயரே 'ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் தலைமுறை தலைமுறையாக எங்கள் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறியதால் வந்த திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தார்கள். அதற்குக் கடன் கொடுத்தது ஜப்பான். எங்கள் தண்ணீரின் குணம் டோக்கியோ வரை தெரிந்திருக்கிறது. எங்கள் கடைத்தெருவில் கீசர் விற்கிற தங்களுக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம். அதை மாடிக்கு ஏற்றிக் குளிக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் ஜமீன் இல்லை.

விற்கிற அன்று என் பெயர், செல்போன் எண், மின்னஞ்சல், பிறந்த நாள் எல்லாம் கேட்டீர்கள். பிறந்த நாளுக்கு வாழ்த்துகூட வந்தது. "உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பழுதான அன்று அது ஒன்றைத்தான் கேட்டீர்கள். போர்த் தண்ணீர் பாயும் குளியலறைகளில் இந்த உத்தரவாதம் பிறக்கும்போதே செத்துப் பிறக்கிறது. உயிரில்லாத அட்டைக்கும் சேர்த்துத்தான் விலை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே பணிந்து கேட்பது இவ்வளவுதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், தமிழில், "உப்புத் தண்ணீருக்கு ஆகாது" என்று அச்சிடுங்கள். வியாபாரம் குறையும், ஆனால் பொய் குறையும். அது வேண்டாமென்றால், எங்கள் தண்ணீரைத் தாங்கும் காயிலைப் போட்டு விற்கவும். அதுவும் முடியாதென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உப்பைச் சுரண்டிக் கம்பியை மாற்ற ஆள் அனுப்புவதை உத்தரவாதத்தில் சேர்க்கவும். வருகிறவர் ஸ்குரூ டிரைவரோடு வரட்டும்.

அதுவரை என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். பரணிலிருந்து செப்புத் தவலையை இறக்கிப் பின்கட்டு விறகடுப்பில் ஏற்றியிருக்கிறோம். அதன் அடியிலும் அதே வெள்ளைப் படலம் படியத்தான் செய்கிறது. என் மனைவி வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கிறார், போய்விடுகிறது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் என் மாமியார் சீராகக் கொடுத்த தவலை. கொடுப்பதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி: "உங்க ஊர்ல தண்ணி எப்படி?"

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் மகிழ்ச்சியாக இருக்கும் வாடிக்கையாளர்.