ஓடு என்றால் ஓடு

எட்டாவது படிக்கும் என் மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து, "அப்பா, ரன்னுன்னா என்ன?" என்றாள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வியை அவள் கேட்டு நாலு வருஷமாகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஓடு!"

நான் சொன்ன தோரணையில், விரட்டுகிறேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டாள். கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அப்ப 'ரன் இன்டு'?"

"உள்ளே ஓடு."

"இல்ல, எதிர்பாராம ஒருத்தரைச் சந்திக்கிறது. 'ரன் டௌன்'?"

"கீழே ஓடு."

"ஒருத்தரை மட்டம்தட்டிப் பேசறது."

அது இந்த வீட்டில் தினமும் நடக்கிறது. பெயர்தான் தெரியாமல் இருந்தது.

இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒரு ஃபைலைக் கொடுத்து, "ரன் திஸ் பை அக்கவுன்ட்ஸ்" என்றார். காட்டி அபிப்பிராயம் கேட்டு வா என்று அர்த்தமாம். நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் வழியாக ஒரே ஓட்டமாக ஓடித் திரும்பி வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்றார். "யாரும் தடுக்கலை சார்" என்றேன்.

போன மாதம் எதிர்வீட்டு வடநாட்டு அம்மாள் கையில் கிண்ணத்தோடு வந்து, "ரன் அவுட்" என்றார். டீவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "தேர்ட் அம்பயரே சொல்லிட்டாரா?" என்று பதறினேன். என் மனைவி என்னை விலக்கிவிட்டு, கிண்ணத்தில் சர்க்கரையைப் போட்டு அனுப்பினாள்.

குற்றம் என்மேல் மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்தான் 430 அர்த்தங்களோடு முதலிடத்தில் இருந்தது. அடுத்த பதிப்புக்கான திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது: வினைச்சொல்லாக மட்டும் 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் இந்த ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். மனிதரும் குதிரையும் ஆறும் ஓடிக்கொண்டிருந்த வரை சமாளிக்கலாம். ரயில், இயந்திரம், கம்ப்யூட்டர் எல்லாம் ஓட ஆரம்பித்தால் அகராதி என்ன செய்யும்? தேர்தலில்கூட இங்கிலாந்து வேட்பாளர் 'நிற்கிறார்', அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்'. நம் ஊரில் நின்று ஜெயித்தபிறகு சிலர் ஓடுவது வேறு விஷயம்.

"ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு 645 வேலை வாங்கறானே, இதெல்லாம் ஒரு மொழியா?" என்று பொங்கினேன்.

அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "ஏன், இந்த வீட்டில ஒரே ஆளை வச்சு வாங்கலையா?"

நான் தமிழின் பின்னால் ஒளிந்தேன். "நம்ம மொழியில இந்தக் குழப்பமே கிடையாது."

"பொழப்பு எப்படின்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஏதோ ஓடுது."

"எங்க ஓடுது? காலு இருக்கா அதுக்கு? படம் நூறு நாள் ஓடுது, கரன்ட் மீட்டர் ஓடுது, உங்க மனசுல என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியல. இதெல்லாம் எந்த ஓட்டம்?"

மகள் உற்சாகமாகிவிட்டாள். "அப்பா, 'ஓட்டு' கூட இருக்கே! குடும்பம் ஓட்டறது, ஆளை ஓட்டறது, ஈ ஓட்டறது..."

யோசித்துப் பார்த்தேன். குடும்பத்தை ஓட்டுவது மனைவி. என்னை ஓட்டுவது மகள். மிச்சமிருக்கும் ஈ என் இலாகா.

"சரி, அகராதியை மூடுங்க. நமக்கும் சர்க்கரை தீர்ந்துபோச்சு, காப்பிக்கு இல்ல. கடை மூட அஞ்சு நிமிஷம்தான் இருக்கு..."

"அதனால?"

"ஓடுங்க!"

சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது மகளின் குரல் கேட்டது: "அம்மா, அப்பா முதல்ல சொன்ன அர்த்தம் சரிதான்!"