சித்தன்னவாசலுக்குக் குழந்தைகளை அழைத்துப்போவது எப்படி?

பிள்ளைகளுக்கு நம் ஊர் வரலாறு தெரிய வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரெனத் தோன்றுகிறதா? ஒரு சொம்பு நீர்மோர் குடித்துவிட்டுச் சற்று நேரம் படுத்திருங்கள். எழுந்த பிறகும் அப்படியே தோன்றினால் மேலே படிக்கலாம்.

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர். 5 வயது மகளும் 3 வயது மகனும் கூட வந்தால் எவ்வளவு என்பதை இன்னும் யாரும் அளக்கவில்லை.

தேவையான பொருட்கள்

தண்ணீர் பாட்டில் 4 (ஒன்று குடிக்க, ஒன்று கொட்ட, ஒன்று பஸ்ஸில் மறக்க, ஒன்று சண்டை போட). மாற்று உடுப்பு 2 செட். முறுக்கு, வீட்டுக்குத் தெரிந்த அளவு ஒரு பொட்டலம், தெரியாமல் ஒரு பொட்டலம். வரலாறு, தேவையான அளவு. இதில் கடைசிப் பொருள் மட்டும்தான் மீந்துபோகும்.

செய்முறை

1. முந்தைய இரவே படித்துத் தயாராகுங்கள். சமணத் துறவிகள், தமிழ்ப் பிராமி, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் செய்த திருப்பணி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள். பஸ் ஏறியதும் ஆரம்பிக்கலாம். "ரொம்ப நாளைக்கு முன்னாடி இங்க சாமியாருங்க இருந்தாங்கடா" என்று நீங்கள் தொடங்கும்போது, தைலமரக் காட்டோரம் ஆட்டுக்குட்டி ஒன்று தெரியும். அத்தோடு வகுப்பு முடிந்தது. ஆட்டுக்குட்டிக்குப் பெயர் என்ன, அதற்கு அப்பத்தா உண்டா என்ற கேள்விகளுக்கும் முந்தைய இரவே படித்திருக்க வேண்டும்.

2. முதலில் துறவிகள் தங்கிய குகையான ஏழடிப்பட்டம் ஏறுங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால், ஏழையும் எண்ணிக் காட்டும்வரை பெரியவள் நகரமாட்டாள். சின்னவனும் சேர்ந்து எண்ணுவான். அவன் கணக்கில் நாலுக்கு அடுத்தது ஒம்பது.

3. கற்படுக்கைகளை அடக்கத்தோடு பாருங்கள். குகைக்குள் 17 படுக்கைகள். கல்லிலேயே வெட்டிய தலையணையும் உண்டு. இங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்து சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. "பாய் எங்கப்பா?" என்பாள் மகள். "எல்லாத்தையும் வேண்டாம்னு விட்டவங்கம்மா" என்று சொல்லுங்கள். "பாயைக்கூடவா?" என்பாள். துறவைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இதற்கிடையில் பஞ்சுத் தலையணை, பழைய சேலைத் துண்டு, ஒன்றரை மணி நேரத் தாலாட்டு இவை மூன்றும் இல்லாமல் வீட்டில் கண் மூடாத சின்னவன், உங்கள் தோளெலும்பில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருப்பான். துறவிகள் பரம்பரை. அவனைச் சுமந்துகொண்டு இறங்குங்கள்.

4. மலையைக் குடைந்து செய்த அறிவர் கோயிலில் அமைதி காக்கவும். உள்ளறையில் நின்று மெல்ல ஒலி எழுப்பினால் அறை முழுக்க ரீங்காரம் கேட்கும். பெரியவர்கள் கண்ணை மூடி "ம்ம்ம்" என்பார்கள். உங்கள் மகனும் சரியாக அங்கேதான் விழிப்பான். "ஒண்ணுக்கு வருது" என்ற அறிவிப்பு நாலு சுவரிலும் பட்டு உங்களிடமே திரும்பி வரும். மலையைக் குடைந்தவர்களின் திறமையை மெச்சிக்கொண்டே வெளியே ஓடுங்கள்.

5. திரும்பி வந்து விதானத்தைக் காட்டுங்கள். இதற்காகத்தானே வந்தோம்? சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்த தாமரைக் குளம். நிறைய உதிர்ந்தும் மங்கியும் போய்விட்டது. சமண மரபு, வண்ணக் கலவை என்று நீங்கள் ஆரம்பிக்கும் முன், மகள் தலையை அண்ணாந்து தானாகவே படிக்கத் தொடங்குவாள். "மீனு... வாத்து... அங்க பாரு, எருமை! யானையும் இருக்கு!" மூன்று முறை வந்தும் அந்த எருமையை நான் கவனித்ததில்லை. கலை வரலாற்றைக் கழற்றி வைத்துவிட்டு நானும் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே இறங்கிப் பூப் பறித்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் காட்டினாள். "இவங்க குளத்துல இறங்குறாங்களே, அவங்க அப்பத்தா வையலையா?" ஊருணிப் பக்கம் போனாலே அவளுக்கு விழும் வசவு எனக்குத் தெரியும். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. முறுக்கை எடுங்கள்.

6. பூங்காவில் உள்ள ஊஞ்சலைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் காட்டினால், மலை இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் பூங்காவைத் தாண்டமாட்டீர்கள்.

7. வீடு திரும்பியதும் தேர்வு வைக்காதீர்கள். "இன்னைக்கு என்னடா பாத்தீங்க?" என்று அப்பத்தா கேட்பார்கள். "ஆட்டுக்குட்டி" என்பான் சின்னவன். 16 கிலோமீட்டர் போய், மலையேறி, இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்த உங்களை அப்பத்தா ஒரு பார்வை பார்ப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு

பலன் நான்கு நாள் கழித்துத் தெரியும். எங்கள் வீட்டில் அது கூடத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பச்சைக் கிரேயானில் தெரிந்தது. வட்டம் வட்டமாக இலைகள். நடுவே நாலு கால், ரெண்டு கொம்பு. ஈரத்துணியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இது வாடகை வீடு. சித்தன்னவாசல் ஓவியத்தைக் காக்க இந்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு முருகன் காலண்டர். ஆணியைப் பிடுங்கி, இரண்டடி உயரத்தில் அடித்து மாட்டினேன்.

"காலண்டரை ஏம்ப்பா தரைக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீங்க?" என்று வீட்டுக்காரர் போன வாரம் கேட்டார்.

"பிள்ளைங்க தேதி பாக்கணும்ல ஐயா" என்றேன்.